மூவருக்கும் சொந்தமில்லாத பாலம்

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் உள்ள பாலங்களுக்குப் பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்தது மத்திய அரசு. ஆனால் பத்திரம் மாநிலத்தின் பெயரில் இருக்கிறது. டெண்டர் விடுவது மாநிலம், கட்டுவது மாநிலம், விரிசல் விட்டால் ஏறிப் பார்ப்பதும் மாநிலம்தான். இந்த ஏற்பாட்டுக்கு நெடுங்காலம் ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதுவும் தலைநகரின் வாசலிலேயே இருந்தது. வாஷிங்டனுக்குத் தெற்கே பொடோமாக் ஆற்றைக் கடக்கும் வுட்ரோ வில்சன் பாலம், இன்டர்ஸ்டேட் சாலைகளில் மத்திய அரசே சொந்தமாக வைத்திருந்த ஒரே பாலம்.

1961 டிசம்பர் 28 அன்று அது திறக்கப்பட்டது. அமெரிக்காவின் 28-ஆவது அதிபரான வில்சனின் பிறந்தநாள் அது. விழாவின் முதன்மை விருந்தினராக வர இருந்தவர் அவருடைய மனைவி ஈடித் வில்சன். 89 வயதான அவர் அதே நாளில் இறந்துபோனார். திறப்பு விழாவிலேயே தொடங்கிய துரதிர்ஷ்டம் இந்தப் பாலத்தை அப்புறம் விடவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் இதன் தொல்லைகளுக்குக் காரணம் தேடி நாள், நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. அவை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடியவை.

மத்திய அரசு ஏன் இதை வைத்துக்கொண்டது? விடை ஆற்றின் எல்லையில் இருக்கிறது. 1632-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸ் கொடுத்த சாசனம், மேரிலாந்தின் எல்லையைப் பொடோமாக்கின் மறுகரை வரை நீட்டியது. ஆகவே ஆறு முழுவதும் மேரிலாந்துக்கு, மறுகரை மட்டும் வர்ஜீனியாவுக்கு. பிறகு தலைநகருக்காகப் பக்கத்துக்குப் பத்து மைல் என்ற அளவில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தார்கள். அதன் தென்முனைக்கான எல்லைக்கல்லை 1791 ஏப்ரலில் அலெக்சாண்ட்ரியா ஊரை ஒட்டிய ஜோன்ஸ் பாயின்டில் நட்டார்கள். சதுரத்தின் வர்ஜீனியப் பகுதி 1840-களில் திரும்பப் போய்விட்டாலும், ஆற்றுக்குள் தலைநகரின் ஒரு கூரிய முனை நின்றுவிட்டது. பாலம் சரியாக அந்த முனையின் மேல் போகிறது. வர்ஜீனியாவில் புறப்பட்டு, தலைநகரான கொலம்பியா மாவட்டத்தின் நீர்ப்பரப்பைச் சில நூறு அடி கடந்து, மேரிலாந்தில் இறங்குகிறது. இந்த மூவரில் எவரும் முழுச்செலவையும் ஏற்கத் தயாராக இல்லை. 1954-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுப் பாலத்தை மத்திய அரசின் கணக்கிலேயே எழுதிக்கொண்டது. பராமரிப்பை மட்டும் மூன்று பேருக்கும் பங்கிட்டுவிட்டது.

அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1956-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு 90 விழுக்காடு மத்திய அரசு, 10 விழுக்காடு மாநிலம் என்ற பங்கீட்டைக் கொண்டுவந்தது. மத்தியப் பணம் முன்பணமாக வராது. மாநிலம் செலவு செய்து பில் அனுப்பினால்தான் திரும்ப வரும். இந்தப் பங்கீட்டில் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அந்த 10 விழுக்காடு. மாநிலம் தன் கையிலிருந்து கொஞ்சமாவது போட்டாக வேண்டும், போட்டதற்கு உரிமையும் கிடைக்கும், உரிமையோடு பொறுப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். வில்சன் பாலத்துக்கு இந்தப் பிணைப்பு இல்லை. சொந்தக்காரரிடம் உள்ளூர்ப் பராமரிப்புப் படை இல்லை. பராமரிப்பவர்களுக்குச் சொந்தம் இல்லை.

பாலம் கெட்டுப்போக ஆரம்பித்த கதை பாலத்துக்கு வெளியே தொடங்குகிறது. பாலத்தை வடிவமைத்தவர்கள் ஒரு நாளைக்கு 75,000 வாகனங்கள் என்று கணக்கு வைத்தார்கள். தலைநகரைச் சுற்றிவரும் கேப்பிடல் பெல்ட்வே என்ற வட்டச்சாலையின் ஒரு கண்ணி இது. ஃபுளோரிடாவிலிருந்து மெயின் வரை போகும் ஐ-95 நெடுஞ்சாலை நகரத்தின் நடுவே செல்லும், தொலைதூர லாரிகள் அதில் போய்விடும் என்பது அன்றைய திட்டம். அந்தச் சாலைக்காக இடிக்கப்பட இருந்த குடியிருப்புகளில், குறிப்பாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில், கடும் எதிர்ப்பு எழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது, ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி மெட்ரோ ரயிலுக்குப் போனது. அந்த முடிவு சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் 1977-இல் ஐ-95 என்ற எண்ணை வட்டச்சாலையின் கிழக்குப் பாதிக்கு மாற்றியபோது, கிழக்குக் கடற்கரையின் லாரிப் போக்குவரத்து இந்த ஆறு தடப் பாலத்தின் மேல் வந்து விழுந்தது. 1990-களின் இறுதியில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லட்சம் வாகனங்கள்.

நெரிசலின் கணக்கு எளியது. ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,000 வாகனங்கள் போக முடியும். வட்டச்சாலையை எட்டுத் தடமாக அகலப்படுத்திவிட்டார்கள், பாலம் ஆறு தடமாகவே நின்றது. ஒரு திசைக்கு நான்கு தடத்தில் 8,000 வாகனங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் மூன்று தடம் 6,000-ஐத்தான் விழுங்கும். மிச்சம் 2,000. நின்ற வாகனம் ஒன்றுக்கு 8 மீட்டர் என்று கொண்டால், நான்கு தடத்திலும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 4 கிலோமீட்டர் வரிசை உருவாகிவிடும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஓட்டம் ஒருமுறை உடைந்து வண்டிகள் நின்று நின்று நகரத் தொடங்கியபின், அந்த மூன்று தடங்களும் தங்கள் பழைய 6,000-ஐக்கூடக் கடத்துவதில்லை. ஒவ்வொரு ஓட்டுநரும் முன்வண்டி நகர்ந்ததைக் கண்டு, ஒரு கணம் கழித்து வேகமெடுக்கிறார். அந்தக் கணங்கள் கூடிக் கூடிக் கொள்ளளவில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. சாலை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் சாலை குறைவாக வேலை செய்யும்.

போதாக்குறைக்குப் பாலத்தின் நடுப்பகுதி திறந்து மூடும். கப்பல் போக 50 அடி உயரம்தான் இடைவெளி இருந்தது, அதைவிட உயரமான கலம் வந்தால் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 260 முறை தூக்கினார்கள். உச்ச நேரத்தில் தூக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், இன்டர்ஸ்டேட் சாலையில் சிவப்பு விளக்குப் போட்டு நிறுத்துவது எந்த நேரத்திலும் பெரிய விஷயம். பாலத்தில் ஓரத்தடமும் கிடையாது. பழுதான வண்டி ஒதுங்க இடமில்லாமல் ஓடும் தடத்திலேயே நிற்கும். விபத்து விகிதம் சுற்றுவட்டாரச் சாலைகளைப் போல் இருமடங்காக இருந்தது.

இனி லாரிகள் பாலத்துக்கு என்ன செய்தன என்பது. இதைப் புரிந்துகொள்ள இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்குப் போக வேண்டும். 1958 முதல் 1960 வரை அங்கே வட்டமாகப் பல சோதனைச் சாலைகளைப் போட்டு, அவற்றின் மேல் ராணுவ வீரர்களை வைத்து வெவ்வேறு எடையுள்ள லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். ஒவ்வொரு தடத்திலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் கடந்தன. சில சிறு பாலங்களையும் கட்டிச் சோதித்தார்கள். மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம் நடத்த, மாநிலங்களும் மத்திய அரசும் தொழில் துறையும் சேர்ந்து செலவை ஏற்ற ஆராய்ச்சி இது. 2.7 கோடி டாலர் ஆனது. எந்த ஒரு மாநிலமும் தனியாகச் செய்திருக்க முடியாது. மாநிலங்களின் லாரிகளும் மண்ணும் அனுபவமும் இல்லாமல் மத்திய அரசும் செய்திருக்க முடியாது. கூட்டாட்சி என்ற ஏற்பாடு சாலைத் துறைக்குக் கொடுத்த மிகச் சிறந்த பரிசு எது என்று என்னைக் கேட்டால், ஏதோ ஒரு பெரிய பாலத்தைச் சொல்ல மாட்டேன், இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் நான்காம் படி விதி. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. காரின் ஓர் அச்சில் சுமார் ஒரு டன். நன்றாகப் பாரம் ஏற்றிய லாரியின் ஓர் அச்சில் 8 டன். எட்டின் நான்காம் படி 4,096. அதாவது ஒரு லாரி அச்சு கடப்பதும் நாலாயிரம் கார் அச்சுகள் கடப்பதும் சாலைக்கு ஏறக்குறைய ஒன்று. இது தார், கான்கிரீட் சாலைகளுக்கான தோராய விதி. பாலத்தின் எஃகுப் பற்றவைப்புகளுக்குக் கணக்கு சற்று வேறு. அங்கே ஒவ்வொரு லாரியும் ஏற்படுத்தும் தகைவு ஏற்ற இறக்கத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உலோகச் சோர்வு கூடுகிறது. எப்படிப் பார்த்தாலும் கார்கள் பாலத்தில் நெரிசலை உண்டாக்குகின்றன, லாரிகள்தான் பாலத்தைத் தின்கின்றன. ஆனால் மத்திய நெடுஞ்சாலை நிதிக்கு முக்கிய வருவாய் எரிபொருள் வரி. கேலனுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு. பெட்ரோலுக்கு 18.4 சென்ட், 1993-லிருந்து மாறவில்லை. லாரி காரைப் போல் நான்கைந்து மடங்கு எரிபொருள் குடிக்கும். நாலாயிரம் மடங்கு குடிக்காது. லாரிகளுக்குத் தனி வரிகள் உண்டு என்றாலும் இந்த இடைவெளியை அவை நிரப்புவதில்லை.

லாரி ஒரு பக்கம், உப்பு மறுபக்கம். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பில் உள்ள குளோரைடு, நீரோடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு அதைத் துளைத்ததும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் இல்லை. ஆகவே தளம் உள்ளிருந்தே வெடித்து உரிகிறது, உரிந்த இடத்தில் இன்னும் உப்புநீர் இறங்குகிறது. வில்சன் பாலத்தின் தளம் இருபதே ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்துவிட்டது.

1982-83-இல் தளத்தை மாற்றிய விதம் பொறியாளர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் வேலை. பகலில் ஆறு தடமும் திறந்திருக்க வேண்டும். எனவே இரவில் பழைய தளத்தைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்து, வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்த எடை குறைந்த கான்கிரீட் பலகைகளை அங்கே பொருத்தி, காலை நெரிசலுக்கு முன் வண்டிகளை விட்டார்கள். எடை குறைந்த கான்கிரீட் என்பதால் கீழுள்ள உத்தரங்களுக்குச் சுமை ஏறாமலே தளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தவும் முடிந்தது. திறமையான வைத்தியம்தான். ஆனால் மேல்தோலைத்தான் மாற்றினார்கள். கீழே எஃகு தன் வாழ்நாளின் சுழற்சிகளை எண்ணிக்கொண்டே இருந்தது. 1990-களில் நடந்த ஆய்வுகள், இதே போக்குவரத்து தொடர்ந்தால் 2004 வாக்கில் பாலத்தின் பயனுள்ள ஆயுள் முடியும் என்றன.

ஆய்வு செய்து ஆயுள் சொல்லும் பழக்கமே ஒரு பேரிடரில் பிறந்தது. 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோவுக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் நடுவே இருந்த சில்வர் பாலம் மாலை நெரிசலில் இடிந்து 46 பேர் இறந்தார்கள். தொங்கு சங்கிலியின் ஒரு கண்ணியில், துளையின் உள்விளிம்பில், ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள விரிசல்தான் காரணம். அதன்பின் காங்கிரஸ் சட்டம் போட்டு, 1971-இல் நாடு முழுவதற்கும் பொதுவான ஆய்வு விதிகள் வந்தன: பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நெடுஞ்சாலைப் பாலங்களைப் பார்க்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். விதி மத்திய அரசுடையது, விளக்கைப் பிடித்துக்கொண்டு தூணுக்கடியில் போவது மாநில ஊழியர். இந்தப் பிரிவினை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மதிப்பெண் குறைந்தால் யார் பணம் போடுவது என்பதை ஆய்வு விதி சொல்லாது. சொந்தக்காரர் போட வேண்டும்.

வில்சன் பாலத்தில் இங்கேதான் முட்டிக்கொண்டது. மாநிலங்கள் சொன்னது, பாலம் உங்களுடையது, முழுச்செலவும் உங்களுடையது. மத்திய அரசு சொன்னது, பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மக்கள், புதிய பாலத்தையாவது உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. வருடங்கள் ஓடின. 1995-இல் காங்கிரஸ் ஒரு வழி சொன்னது: மாநிலங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையம் அமைத்துக்கொள்ளலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், டோல் வசூலிக்கலாம். இத்தனை நாள் இலவசமாகக் கடந்த பாலத்தில் டோல் கேட்க எந்த அரசியல்வாதிக்குத் துணிச்சல் வரும்? வரவில்லை. 1998-இல் 90 கோடி டாலர் ஒதுக்கினார்கள், கூடவே ஒரு நிபந்தனை: புதிய பாலத்தின் உரிமையை ஏற்பதாக உடன்படிக்கை போட்டு, மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று காட்டினால்தான் கட்டுமானத்துக்குப் பணம். தேவை அதைவிட மிக அதிகம். 2000-இல்தான் பேரம் படிந்தது. மத்திய அரசு மேலும் 60 கோடி, மேரிலாந்தும் வர்ஜீனியாவும் ஆளுக்கு 20 கோடி. கொலம்பியா மாவட்டம் தன் நீர்முனையின் மேல் பாலம் நிற்க நிரந்தர உரிமை கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. மத்திய அரசும் 'சொந்தக்காரர்' என்ற பட்டத்தைக் கழற்றி வைத்தது.

மத்திய அரசு தன் சொந்தப் பாலத்தை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு அதே ஆற்றில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. லிங்கன் நினைவகத்தை ஒட்டிய ஆர்லிங்டன் நினைவுப் பாலம், 1932-இல் திறக்கப்பட்டது, தேசியப் பூங்காத் துறைக்குச் சொந்தம். பழுது பார்க்காவிட்டால் 2021-இல் மூட வேண்டியிருக்கும் என்று 2016-இல் அந்தத் துறையே அறிவித்தது. பணத்துக்கு என்ன செய்தது தெரியுமா? கொலம்பியா மாவட்டத்தையும் வர்ஜீனியாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, இன்னொரு மத்தியத் துறையிடம் விண்ணப்பித்து 9 கோடி டாலர் மானியம் பெற்றது.

வில்சன் பாலத்துக்குத் திரும்புவோம். புதிய பாலம் எவ்வளவு உயரம்? 135 அடி உயரத்தில் கட்டினால் திறக்கவே வேண்டாம். ஆனால் அந்த உயரத்துக்கு ஏற, அணுகு சாலைகள் அலெக்சாண்ட்ரியாவின் பழைய வீதிகளுக்கு மேல் வெகுதூரம் நீள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு வீடுகள் நிற்கும் ஊர் அதை ஏற்குமா? கப்பல் வழியை அடைக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது கடலோரக் காவல்படை. அதன் அனுமதி இல்லாமல் கப்பல் ஓடும் ஆற்றில் பாலம் கட்ட முடியாது. கடைசியில் 70 அடி என்று முடிவானது. 20 அடிதான் கூடியது. ஆனால் பெரும்பாலான பாய்மரப் படகுகளுக்கு அது போதும். திறப்புகள் ஆண்டுக்கு 260-லிருந்து 60 அளவுக்குக் குறையும் என்று கணக்கிட்டார்கள்.

திறக்கும் பகுதியில் எட்டு இதழ்கள் இருக்கின்றன. அடுத்தடுத்து ஓடும் நான்கு சாலைகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக நின்று நடுவில் சந்திக்கும் இரண்டு இதழ்கள். ஒவ்வொன்றும் பிரம்மாண்டமான எடை. ஆனால் அவற்றைத் தூக்கும் மோட்டார்கள் பார்க்க ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சிறியவை. ரகசியம் நம் கிணற்றடித் துலாவில் இருப்பதுதான்: ஒரு முனையில் சாலின் எடைக்கு ஈடாக மறுமுனையில் கல்லைக் கட்டிவிட்டால் இறைப்பவர் எடையைத் தூக்க வேண்டியதில்லை. இங்கே கல்லுக்குப் பதில் தூணுக்குள் மறைந்திருக்கும் எதிர் எடை. சுழலும் அச்சின் இருபுறமும் திருப்புவிசை சமமாக இருப்பதால் மோட்டார் வெல்ல வேண்டியது உராய்வையும் காற்றையும்தான். பொறியாளரின் தலைவலி வேறிடத்தில். எதிரெதிர் இதழ்கள் சந்திக்கும் இடத்தில், ஒரு பக்கம் லாரி நின்று மறுபக்கம் காலியாக இருந்தாலும் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்காக மூடியதும் தாழ் போட்டு இரண்டையும் பிணைக்கிறார்கள். எட்டு இதழும் ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டர் பிசகாமல் வந்து உட்கார வேண்டும்.

தோற்றத்துக்கு 1998-இல் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். பொடோமாக்கின் மேற்பகுதியில் உள்ள பழைய பாலங்களின் வளைவுகளை நினைவூட்ட வேண்டும் என்பது விருப்பம். பார்சன்ஸ் நிறுவனத்தின் வடிவம் வென்றது. ஆனால் உண்மையான வளைவுப் பாலத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது தன் கால்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்கப் பாறை வேண்டும். இங்கே அடியில் மென்மையான ஆற்றுச் சேறும் களிமண்ணும். எனவே 'வி' எழுத்து வடிவில் மேல்நோக்கி விரியும் தூண்களை அமைத்து, விரியும் இரண்டு கைகளின் உச்சிகளையும் ஓர் இழுவை உத்தரத்தால் கட்டிப்போட்டார்கள். பக்கத் தள்ளுதல் அந்தக் கட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அடித்தளத்துக்கு நேர்ச்சுமை மட்டும் இறங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தூணின் கையும் அடுத்த தூணின் கையும் சேர்ந்து வளைவாகத் தெரியும். கண்ணுக்கு வளைவு, மண்ணுக்குத் தூண். அழகான ஏமாற்று.

நேர்ச்சுமையைத் தாங்கவும் அந்தச் சேறு போதாது. ஆறடி விட்டமுள்ள எஃகுக் குழாய்களை ஆற்றுப்படுகைக்குள் 60 மீட்டர் அளவு ஆழத்துக்கு அடித்து இறக்கினார்கள். இவ்வளவு பெரிய குழாயை அடிக்கும்போது நீருக்குள் பரவும் அழுத்த அலை மீன்களின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். அதற்குக் குழாயைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளால் திரை அமைத்தார்கள். நீர் அமுங்காது, காற்று அமுங்கும். அலை குமிழித் திரையை அடைந்ததும் ஒரு பகுதி திரும்பிவிடும், ஒரு பகுதி குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறிவரும் மாதங்களில் தூர்வாரவும் தடை இருந்தது.

இதற்கிடையே வழக்குகள். 1997-இல் மத்திய நெடுஞ்சாலைத் துறை 12 தடப் பாலத்துக்கு ஒப்புதல் தந்தது. பத்துத் தடத்தை ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை என்று அலெக்சாண்ட்ரியா நகரம் நீதிமன்றம் போனது. நகரம் பிறகு சமரசமாகி விலகிக்கொண்டாலும் பாரம்பரியக் காப்புக் குழுக்கள் விடவில்லை. 1999 ஏப்ரலில் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம், டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம். அடுத்து தொழிலாளர் தகராறு. பாலத்தின் ஒப்பந்தங்களை நடத்திய மேரிலாந்து, தொழிற்சங்கங்களோடு முன்கூட்டியே ஓர் உடன்பாடு வேண்டும் என்றது. 2001 பிப்ரவரியில் அதிபர் புஷ், மத்தியப் பணம் பெறும் பணிகளில் அப்படி நிபந்தனை போடக் கூடாது என்று ஆணையிட்டார். அதுவும் நீதிமன்றம் போய், 2002-இல் ஆணை செல்லும் என்று தீர்ப்பானது. பணம் கொடுத்தவர் விதியும் சொல்வார்.

ஆனால் எனக்குப் பிடித்த அத்தியாயம் டெண்டர். 2001 டிசம்பரில் மேற்கட்டுமானம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாகக் கேட்டார்கள். ஒரே ஒரு விலைப்புள்ளி வந்தது: 86 கோடி டாலர். மதிப்பீட்டைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல். அவ்வளவு பெரிய வேலைக்கு உத்தரவாதப் பத்திரம் கொடுக்கக்கூடிய நிறுவனங்கள் குறைவு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு காப்பீட்டுச் சந்தையும் இறுகியிருந்தது. இரு மாநிலங்களும் அதை நிராகரித்து, வேலையைத் திறக்கும் பகுதி, வர்ஜீனியா பக்கம், மேரிலாந்து பக்கம் என்று மூன்றாகப் பிரித்து மறுபடி கேட்டன. நடுத்தர நிறுவனங்களும் போட்டிக்கு வந்தன. மூன்றும் சேர்ந்து 50 கோடியை ஒட்டி முடிந்தது. தானே பணம் போட்டு, தானே வைத்துக்கொள்ளப் போகிற ஒருவர் பேரம் பேசும் விதமே தனி.

இரட்டைப் பாலமாகக் கட்டியதில் 2006-இல் முதல் பாலமும் 2008 மேயில் இரண்டாவதும் திறக்கப்பட்டன. அருகிலுள்ள நான்கு சந்திப்புகளையும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ 250 கோடி டாலர். பழைய பாலத்தின் ஒரு பகுதியை 2006 ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்த்தபோது, அதில் அதிகம் அவதிப்பட்ட பயணி யார் என்று ஒரு போட்டி வைத்து, வென்றவர் கையில் வெடிப்பு விசையைக் கொடுத்தார்கள். இடிந்த கான்கிரீட்டில் ஒரு பகுதி செசபீக் விரிகுடாவுக்குப் போய் மீன்களுக்கான செயற்கைத் திட்டாகியது.

இன்று பத்திரத்தில் இரண்டு பெயர்கள்: மேரிலாந்து, வர்ஜீனியா. பராமரிப்பையும் இயக்கத்தையும் இரு மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசு இன்னும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. சாலை இன்டர்ஸ்டேட் சாலை, விதிகள் அதனுடையவை. இப்போதைய தகராறு 12 தடங்களில் இரண்டைப் பற்றியது. அவற்றைப் பொதுப் போக்குவரத்துக்கென்று ஒதுக்கித்தான் 2000-இல் ஒப்புதல் தரப்பட்டது. சில ஆண்டுகளாக வர்ஜீனியா, தன் பக்கத்துக் கட்டண விரைவுத் தடங்களைப் பாலத்தின் மேல் மேரிலாந்து வரை நீட்ட ஆய்வு நடத்தி வருகிறது. ரயிலுக்கென்று வைத்த இடத்தை டோல் தடமாக்கினால் ரயில் வரவே வராது என்று மேரிலாந்துப் பக்கத்தில் பலர் எதிர்க்கிறார்கள். பாதிப் பாலத்தில் மட்டும் தடம் போட முடியாது. ஆகவே வர்ஜீனியாவுக்கு மேரிலாந்தின் சம்மதமும் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். பாலம் ரயிலின் எடையைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது.